மீன் அளந்தவளுக்கு ஒரு சிபாரிசு

போன கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறாள். பழைய மாணவன் ஒருவனுக்கான சிபாரிசை, ஒரு கையால் பாண் துண்டைச் சம்பலில் தொட்டுத் தின்றபடி, மறு கையால் போனிலேயே எழுதி முடித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய சிபாரிசுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் அப்படி.

அப்போது நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் இருக்கும். மன்னாரிலிருந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உப்பளம், லொறி, இறால் பண்ணை என்று எதிலும் மூன்று மாதம் நிலைக்காதவன். ஊரெல்லாம் ஆள் தெரியும் என்பதுதான் என் ஒரே தகைமை. விரிவுரையாளர் வேலைக்கு இரண்டு சிபாரிசுக் கடிதம் வேண்டும், பேராசிரியர் ஒன்று தந்துவிட்டார் என்று அவள் சொன்னதுமே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பள்ளிவாசல் தலைவர், கிராம சேவகர், ஓர் அரசியல்வாதியின் செயலாளர் என்று ஒரே பகலில் மூன்று கடிதம். மூன்றிலும் வாப்பா நல்லவர், பிள்ளை அடக்கமானவள்.

வாசித்துவிட்டுத் தங்கச்சி அண்ணனான என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா, நீங்க வேலைக்குக் கேட்டீங்களா, மாப்பிள்ளைக்குக் கேட்டீங்களா?"

அவளுடைய ஆய்வை நேரில் கண்டவர் எழுத வேண்டுமாம். விண்ணப்பம் கொடுக்க இரண்டு நாள்தான் மிச்சம். இது தவறினால் அடுத்த வெற்றிடம் எப்போது வருமோ தெரியாது. பேராசிரியரை விட்டால் கண்டவர் ஒருவர்தான்: கண்டக்குழிக் கடற்கரையில் படகு வைத்திருந்த அந்தோனி அண்ணன், மீனவர் சங்கத் தலைவர். ஒரு வருடம் அவர் பிடித்த மீனைத்தான் அவள் அளந்தாள், வகுந்து வயிற்றைப் பார்த்தாள். அந்த நாற்றத்துக்குத் திரும்பிவரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அது அவளுக்கு வசதி.

விடிந்ததும் போனோம். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர், தனக்கு எழுத வராது என்று, தான் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார்.

"இந்தப் பிள்ளை ஒருநாள் ஒரு மீனைப் பிழையா அளந்திட்டன் எண்டு அடுத்தநாள் பஸ் ஏறி வந்தவ. மீன் வித்துப் போச்சு. அப்ப அந்த அளவை வெட்டிவிடுறன் எண்டு எனக்கு முன்னாலயே புத்தகத்தில வெட்டினவ. எழுது தம்பி. இந்தக் கரையில மீன்ட நீளத்தைக் கூட்டிச் சொல்லாத ஒரே ஆள் இவதான்."

எழுதினேன். செதில் ஒட்டிய விரலால் சங்க முத்திரையைக் குத்தினார்.

நேர்முகத் தேர்வில் ஒருவர் கடைசி வரியைச் சத்தமாக வாசிக்க, எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு முழுக்க மீன் கதைதான். வேலை கிடைத்தது. அதைச் சொல்லப் போனபோது அந்தோனி அண்ணன் ஒரு பாரை மீனைத் தந்து, இரண்டு முழம் என்றார். தங்கச்சி அன்று மட்டும் அளக்கவில்லை.

அவர் இப்போது இல்லை. அவர் படகைக் கரையேற்றிய இடத்தில் சுற்றுலா விடுதி நிற்கிறது. கடிதம் எந்தக் கோப்போடு போனதோ. நகல் எடுக்க நினைக்கவேயில்லை, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தங்கச்சி ஏற வேண்டிய பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. என் கையெழுத்தைப் பல்கலைக்கழகம் ஒன்று வாசித்த ஒரே பக்கம் அது.