பழனிச்சாமி கேட்காமல் செய்த வேலை

போன வாரம் பேங்க்குக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் புதிதாக ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்து, என் பேனாவையே வாங்கி, படிவத்தை மளமளவென்று நிரப்பிவிட்டாள். "சைன் மட்டும் போடுங்க அங்கிள்." எரிச்சல் வந்தது... அப்புறம் சிரிப்பும் வந்தது. அப்படியே என் பழனிச்சாமி!

சிலோனிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. குன்னூரில், அவர்களுக்கு எஸ்டேட் வேலையும் வீடும் ஒதுக்கும் ஆபீஸ். ஒரே அறையில் நானும் பழனிச்சாமியும். இருவருமே கோயமுத்தூர்ப் பக்கத்து கிளார்க்குகள். அவர் ஃபைல் தயாரிப்பார். நான் சரிபார்த்து முத்திரை குத்தி அனுப்புவேன்.

மனுஷர் சும்மா இருக்கமாட்டார். காலையிலேயே என் முத்திரையில் அன்றைய தேதியை மாற்றிவைப்பார். ஸ்வெட்டருக்குப் பட்டன் தைப்பார் — அதை நான் போட்டிருக்கும்போதே. "ஏனுங்க, கொஞ்சம் அசையாம இருங்க." அந்தக் குளிருக்கும் அந்தத் தொல்லைக்கும் இன்று எவ்வளவு ஏங்குகிறேன் தெரியுமா?

ஒருநாள் மாரியாயி, பொன்னம்மா என்று அக்கா தங்கை இருவர் வந்தார்கள். அக்கா விதவை, சிலோனில் கொடுத்த தனி ஃபேமிலி கார்டு. தங்கைக்குப் புருஷன், பிள்ளைகள், இன்னொரு கார்டு. ஒரே மனுவாகப் போட்டிருந்தால் ஒரே எஸ்டேட் கிடைத்திருக்கும். ஆனால், "ரெண்டு கார்டுன்னா ரெண்டு ஊடுங்க" என்று பழனிச்சாமிக்கு ஒரே குஷி. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தனித்தனி மனுவாக எழுதிவிட்டார்.

ஆர்டர் வந்தது. அக்காவுக்கு மஞ்சூர்ப் பக்கம். தங்கைக்குக் கூடலூர். மலைக்கு இந்தக் கோடியும் அந்தக் கோடியும்.

மாரியாயி சத்தம் போடவில்லை. "அங்க தோட்டத்துல ஒரே லயத்துல, அடுத்தடுத்த ரூம்புல இருந்தோங்கய்யா. கப்பல்லயும் ஒண்ணாத்தான் வந்தோம். சொந்த நாட்டுக்கு வந்துதான் பிரியிறோம்" என்றார்.

பழனிச்சாமியின் முகம் செத்துப்போனது. ஆர்டரை மாற்ற முடியாது, யாராவது இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் ஆபீஸர்.

"விடுங்க, நம்மளால என்ன ஆகும்?" என்றேன்.

"கேட்டுட்டுச் செஞ்சிருக்கோணுமுங்க. தப்பு என்னோடதுங்க."

ஏழு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சூர் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போனார். அந்த எஸ்டேட்டில் வீடு வீடாகக் கேட்டார். கடைசியில், கூடலூரில் சொந்தக்காரர்கள் இருந்த ஒரு குடும்பம் மாறிக்கொள்ளச் சம்மதித்தது. பொன்னம்மா குடும்பம் மஞ்சூருக்குப் போனது. "அக்கா ஊட்டுக்குப் பக்கத்து ஊடேதானுங்க" என்று என்னிடம் சொல்லும்போது மனுஷர் அழுதேவிட்டார்.

ஒரு விஷயத்தைக் கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை. இரண்டு கார்டிலும் ஒரே லயத்து விலாசம் இருந்ததை, அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். 'ஒன்றாக இருந்தவர்கள் ஆயிற்றே' என்றுகூடத் தோன்றியது. நமக்கெதற்கு வம்பு என்று முத்திரையைக் குத்திவிட்டேன்.

அந்த வருஷ ரிப்போர்ட்டில் ஆபீஸர் அவரை 'அதிகப்பிரசங்கி' என்று எழுதினார். என்னை? 'பொறுப்பான ஊழியர்' என்று.