நன்றியுரையில் உடைந்த ஒற்றுமை

ஒற்றுமை என்றால் என்னவென்று ஒரு சீனச் சிறுமிக்குக் காட்டுவதற்காக அவளை எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப்போன மடையன் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது என்பது சாக்காகாது. எங்கள் ஆட்களை அதற்குள் போதுமான அளவு பார்த்திருந்தேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். நோர்வேயின் குரோருட்டில் எங்கள் ஆங்கில வகுப்புக்குப் புதிதாக வந்தவள் அவள். ஆட்கள் ஒன்றுசேர்வதைச் சொல்லும் மூன்று ஆங்கிலச் சொற்களை, கண்ணால் கண்ட உதாரணத்தோடு அவள் விளக்க வேண்டும். தவறினால் கீழ்வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். யுனைட் என்றால் மனம் ஒன்றாவது. மேர்ஜ் என்றால் இரண்டு கரைந்து ஒன்றாவது. ஜொயின் ஃபோர்சஸ் என்றால் தனித்தனியாக இருந்தபடியே ஒரு வேலைக்குத் தோள்கொடுப்பது. அவளுடைய அகராதியோ மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே சீன விளக்கத்தைத் தந்தது. “நேரில் பார்த்தால் புரியும்” என்று அளந்தேன். அந்த ஞாயிறு அப்பாவின் சங்கமும் பெரியப்பாவின் சங்கமும் இணைவதாக இருந்தன. விட்டுவந்த ஊர் என்னவோ ஒன்றுதான்.

குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. புதுப் பெயர்கூட முடிவாயிற்று. அதன்பிறகுதான் வரவேற்புரை யாருக்கு, நன்றியுரை யாருக்கு என்ற கேள்வி வந்தது.

“நன்றியுரைக்கு எழும்பேக்கை சனம் ரோல்ஸ் தின்ன லைனிலை நிக்கும். நான் ஆரோடை கதைக்கிறது, வெறுங் கதிரையளோடையோ?” என்றார் அப்பா.

“அப்ப கதிரையளோடை நான் கதைக்கட்டோ?” என்றார் பெரியப்பா.

கூடப்பிறந்தவர்கள்! இருவரையும் வெறுத்தவர்கள் மூலையில் கூடி, ரோல்ஸ் ஆறுமுன் மூன்றாவது சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்னும் வரிசைக்குப் பயந்து ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்தார்களே!

வெளியே பெரியப்பாவின் வான் வண்டி பனியில் புதைந்து நின்றது. அப்பா தள்ளினார். மூன்று சங்கமும் தள்ளின. ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்களன்று அவள் வகுப்பில் அந்த வானைத்தான் சொன்னாள். இது ஜொயின் ஃபோர்சஸ், யுனைட் அல்ல, மேர்ஜ் அல்லவே அல்ல. ஆசிரியை கைதட்டினார். அவள் எங்கள் வகுப்பிலேயே தங்கினாள்.

எனக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன்: “சண்டை பிடிச்சவைக்குக் கைதட்டு! அவ்வளவு கோவமெண்டால் ஏன் எல்லாரும் சேர்ந்து தள்ளினவை?”

அம்மா வெங்காயம் உரித்தபடி சிரித்துச் சொன்ன மறுமொழியில் சிரிக்க என்ன இருந்ததென்று அன்று எனக்கு விளங்கவில்லை.

“அது வாசலை மறிச்சுக்கொண்டெல்லோ நிண்டது. தள்ளாட்டி ஒருத்தரும் வீட்டை போயிருக்கேலாது.”