பேருக்கு ஓடப்போன இமெல்டா

என் மனைவி இமெல்டாவுக்கு, அவள் வேலை செய்கிற கப்பல் முகவர் கந்தோரில், பதினெட்டு வருடமாக ஒரு மகத்தான பதவி உண்டு. சம்பளத்தோடு சம்பந்தமில்லாத பதவி. விளையாட்டுப் போட்டி, சுற்றுலா, நத்தார் விருந்து, எதுவானாலும் சாப்பாட்டுப் பாசல் அவள் பொறுப்பு. யாருக்கு மரக்கறி, யார் வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடமாட்டார், எந்த ஐயாவுக்குக் கோழிக்கால்தான் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மற்றவர்கள் ஓடிப் பதக்கம் வாங்குவார்கள். இவள் பாசல் பங்கிடுவாள்.

இந்த வருடம் கந்தோருக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. தடைதாண்டும் ஓட்டம். சேற்றில் தவழ்ந்து, கம்பியில் தொங்கி, எட்டடி மதில் ஏறிக் குதித்து ஐந்து கிலோமீற்றர் ஓட வேண்டுமாம். காசு கட்டிச் சேற்றில் உருள்வது! எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மழைக்கு அது இலவசமாகவே கிடைக்கும்.

ஐந்து பேர் அணியில் இரண்டு பெண்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஒருத்தி காலைச் சுளுக்கிக்கொண்டாள். வேறு ஆள் தேடியதும், மிச்சப் பெண்கள் எல்லாருக்கும் அதே நாளில் உறவுக்காரர் கல்யாணம் வந்துவிட்டது. மூன்று மாதம் ஜிம்முக்குப் போனதிலிருந்து கையை உடம்போடு சேர்க்க முடியாமல் நடக்கிற அணித்தலைவன் பிரதீஸ், இமெல்டாவின் மேசைக்கு வந்தான்.

"அக்கா, நீங்க பேருக்கு வந்தாக் காணும். நாலு பேற்ற நேரத்தத்தான் பாப்பாங்க. நீங்க ஒவ்வொரு தடையையும் பக்கத்தால சுத்தி வாங்கோ."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"கேட்டீங்களே? பேருக்காம். பதினெட்டு வருசம் வேலை செய்தனான், பேருக்காம்."

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. "அந்த மதில நான் ஏறத்தான் போறன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நாற்பத்தாறு வயது, எழுபத்தெட்டுக் கிலோ, பக்கத்துக் கடைக்கும் ஆட்டோவில் போகிற மனுசி. யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அந்தச் சிரிப்புக்கு எனக்கு இரண்டு நாள் வெறும் பிட்டுத்தான், கறி கிடைக்கவில்லை.

பயிற்சி தொடங்கியது. புறக்கோட்டை பஸ்ஸில் சீற் காலியாக இருந்தாலும் இருக்கமாட்டாள். மேல்கம்பியில் இரண்டு கையாலும் தொங்கியபடி வருவாள். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சனத்தை முன்னுக்குத் தள்ளுவதையே தொழிலாகக் கொண்ட கொண்டக்டர்கூட இவளைக் கண்டால் வாயை மூடிக்கொண்டான். ஐந்து கிலோ அரிசிப் பையோடு நாலு மாடியும் ஏறி இறங்கினாள், அதுவும் அத்திபூத்தாற்போல் லிஃப்ட் வேலை செய்த கிழமையில். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். தொலைந்த சாமான் தேடித்தருகிற அந்தோனியாருக்கு மதிலேற்றுகிற வேலையும் வந்து சேர்ந்தது, பாவம்.

மதிலுக்கு எங்கள் தொடர்மாடியின் பின்மதில். மூன்றாம் நாள் அதன்மேல் குப்புறக் கிடந்தாள், அங்காலும் போகாமல் இங்காலும் வராமல். கீழ்வீட்டு பிறிஜெற் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன இமெல்டா, வீட்டுத் திறப்பத் துலைச்சிட்டியே?"

"இல்லையக்கா, எக்சசைஸ்."

பிறிஜெற் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு சன்னலைச் சாத்தினார்.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அவளுடைய முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. மருந்து பூசும்போது, "ஏலாட்டி விடன், இமெல்டா" என்றேன்.

"விட்டா, சாகுமட்டும் பாசல்தான்" என்றாள்.

ஓட்ட நாள். பத்தரமுல்லைப் பக்கம் ஒரு புல்வெளியில் நான் துவாயோடு நின்றேன். கம்பியைத் தாண்டினாள். சேற்றைத் தாண்டினாள். மதிலடிக்கு வந்தபோது மற்றவர்கள் அங்கால் இறங்கிவிட்டார்கள். பிரதீஸ் மட்டும் மேலே இருந்து கையை ஆட்டினான்.

"அக்கா, சுத்தி வாங்கோ, ஒருத்தரும் பாக்கேல்ல!"

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாய்ந்தாள், வழுக்கி விழுந்தாள். மறுபடி பாய்ந்தாள், முகம் சேற்றில் பட விழுந்தாள். பிரதீஸ் போய்விட்டான். மாதாவே, இவளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முதலில் சிரித்தவனே நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

எழும்பினாள். பின்னால் ஓடிவந்த, முன்பின் தெரியாத ஒரு சிங்கள இளைஞனின் தோளில் தட்டி, "மல்லி, பொட்டக் நெமென்ன" என்றாள். தம்பி, கொஞ்சம் குனியுங்கோ என்றால் யாரும் குனிவார்கள்தானே, அவனும் குனிந்தான். எழுபத்தெட்டுக் கிலோவும் முதுகில் ஏறியபோது அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த நொடி அவள் மதிலுக்கு மேலே. பிறகு ஆளைக் காணவில்லை, தொப்பென்று ஒரு சத்தம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்னும் தெரியாது.

முடிவிடத்துக்கு அவள் நொண்டி நொண்டி வந்து சேர, அணி, கந்தோர் மனேஜரோடு படம் எடுத்து முடித்திருந்தது. மனேஜர் படத்துக்கென்றே வெள்ளை வெளேரென்ற சேட்டில் வந்திருந்தார்.

"ஆ, இமெல்டா! சாப்பாடு வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்."

பதினெட்டு வருடமாக 'ஓம் சேர்' மட்டும் சொன்ன வாய் அது.

"அத வேற ஆரும் பாக்கட்டும் சேர். முதல்ல படத்தத் திரும்ப எடுப்பம்."

"எடுத்தாச்சே அக்கா..." என்று பிரதீஸ் இழுத்தான்.

"என்னை விட்டிட்டெல்லோ எடுத்தனீங்கள்?" என்றபடி நடுவில் போய் நின்று, சேறு வழிகிற கையைத் தூக்கி மனேஜரின் வெள்ளைத் தோளில் போட்டாள்.