தாய்லாந்துச் சட்டத்தின் மேல் போட்ட பழி

என் மாமனார் தன் ஒரே மகளைப் பக்கத்தில் காணாமலே செத்துப்போனார். அதற்குக் காரணம் நான்.

தாய்லாந்து நாட்டின் சட்டம்தான் காரணம் என்று என் மனைவி இன்றுவரை நம்புகிறாள். அப்படி நம்பவைத்தவனும் நானே. இதை அவளிடம்தான் சொல்ல வேண்டும்... அந்தத் தைரியம் இல்லாததால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழைக்கு இதுதானே வசதி!

நான் ஈரோட்டுக்காரன். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் மென்பொருள் வேலை. மனைவி மாலி, வட தாய்லாந்தில் லம்பாங் என்ற ஊரில் பிறந்தவள். இங்கே பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பழகி, விரும்பி மணந்துகொண்டோம். என் அம்மாவோடு வீடியோவில் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டாள். ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ என்று எங்கள் ஊர் மரியாதையோடு அவள் பேசினால் ஆலன் தமிழர்கள் அசந்துபோவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

இந்தியாவில் பிறந்தவன் இங்கே கிரீன் கார்டு வரிசையில் நின்றால் தலை நரைத்தாலும் முறை வராது. ஆனால் மனைவி வேறு நாட்டில் பிறந்தவள் என்றால், அவள் நாட்டு வரிசையில் கணவனும் நின்றுகொள்ளலாம். தாய்லாந்து வரிசையில் கூட்டமே இல்லை! கல்யாணம் செய்தபோது இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது... இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும் என்று ஏன் இப்படித் தவிக்கிறேன்?

ஒரு வார இறுதி விருந்தில், கையில் பிரியாணித் தட்டோடு நின்ற நண்பன்தான் சொன்னான். “மச்சி, உனக்கு லாட்டரிடா. நாங்கல்லாம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் வெயிட் பண்ணணும்.”

வீட்டுக்குக் காரோட்டி வரும்போது பக்கத்தில் இருந்த மாலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவளைத்தான் பார்த்தேனா, அவள் பிறந்த ஊரையா? அன்றைக்கே அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை.

கம்பெனி எனக்காகக் கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தொடங்கிய சமயத்தில் லம்பாங்கிலிருந்து செய்தி வந்தது. மாலியின் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் வந்து சோறூட்டிவிட்டுப் போனாள்.

மாலி போய்ச் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தாள். வந்தவள் சமையலறையில் என் எதிரே நின்று கேட்டாள். “அங்கயே போய் இருந்துடலாங்க. அப்பா இருக்கற வரைக்கும். உங்களுக்கு அங்க வேலை பண்ண விடுவாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அவள் நாட்டுச் சட்டத்தை அவளே பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொந்த நாட்டில் வெளிநாட்டவனுக்கு என்ன விதி என்று நம்மில் யாருக்குத் தெரியும்? அதுவுமில்லாமல், வீசா விஷயம் என்றால் எங்கள் வீட்டில் நான்தான் வக்கீல். இங்கே பல வீடுகளில் அப்படித்தான். ஒருவர் விதிகளைக் கரைத்துக் குடித்துவிடுவார், மற்றவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். மாலி எப்போதும் கையெழுத்துப் போட்டவள்.

பார்த்தேன். ஒழுங்காகவே பார்த்தேன். பாங்காக்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அமீன் காக்கா என்பார்கள்; அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். நண்பன் மூலம் எண் வாங்கிப் பேசினேன். தாய்லாந்துப் பெண்ணைக் கட்டியவனுக்குத் தங்கும் வீசா உண்டு, வருடா வருடம் நீட்டிக்கலாம், கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டால் வேலை அனுமதியும் வாங்கிவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். மற்ற வெளிநாட்டவனை எடுப்பதைவிட இப்படி அங்கே பெண் கட்டியவனை எடுப்பது கம்பெனிக்கும் சுலபமாம்.

“நானும் இங்க கட்டுனவந்தான் தம்பி. யோசிக்காம வாங்க. மச்சான் சியாங் மாய்ல சாப்ட்வேர் கம்பெனி வச்சிருக்கான், பேசி வைக்கேன்.”

சியாங் மாய் லம்பாங்கிலிருந்து காரில் போய் வரும் தூரம். சம்பளம் இங்கே வாங்குவதில் பாதிகூடத் தேறாது. ஆனால் அங்கே அது தாராளம். வழி இருந்தது! கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கூப்பிட்டார்!

நான் போயிருந்தால் என் கிரீன் கார்டு போயிருக்கும். அது மட்டுமா? அமெரிக்காவுக்கு அனுப்பிய பையன் தாய்லாந்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்துவிட்டான் என்று ஈரோட்டில் பேசுவார்களே என்ற கூச்சம். எது பெரிதாக இருந்தது என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அற்பம்தான்.

அந்த நாட்டில் வெளிநாட்டவர் செய்யக்கூடாத தொழில்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. முடி வெட்டுவது, வண்டி ஓட்டுவது, கடையில் விற்பது, அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பது... அதை மட்டும் மாலியிடம் படித்துக் காட்டினேன். மென்பொருள் அதில் இல்லை என்று சொல்லவில்லை. அமீன் காக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை. “உங்க ஊர்ல என்னைய வேலை பண்ண விடமாட்டாங்க மாலி” என்றேன். குரலில் வருத்தம்கூட வரவழைத்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. எங்கள் நாடு இப்படி இருக்கிறதே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். என்னிடம்! நான் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

அப்படியென்றால் தான் மட்டும் போகிறேன் என்றாள். வரிசையே உன் பெயரில்தானே நகர்கிறது, இப்போது நீ அங்கே போய் நெடுநாள் இருந்தால் எல்லாம் கெட்டுவிடும், கார்டு வரட்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவிடம் அதைச் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாய்லாந்து மொழியில் மாலி என்ன சொன்னாள் என்பது எனக்கு வார்த்தை வார்த்தையாகப் புரியவில்லை. ஆனால் கிழவர் முகம் மாறுவது தெரிந்தது. என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் ஊரில் வணக்கம் சொல்வதும் மன்னிப்புக் கேட்பதும் இரு கை கூப்பித்தான், நம்மைப் போலவே. அவருக்கு ஒரு கை வரவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, இல்லாத இன்னொரு கைக்கு இடம் விட்டதுபோல் நெஞ்சுக்கு நேரே நிறுத்தி, என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். மருமகனுக்கு ஒரு வேலை கொடுக்க முடியாத நாடாகிவிட்டதே என்று வெட்கப்படுகிறாராம். மாலி அழுதுகொண்டே எனக்கு மொழிபெயர்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கைகளையும் கூப்பிப் பதில் வணக்கம் சொன்னேன். நல்ல கைகள்... இரண்டும் நன்றாக வேலை செய்யும் கைகள்!

கார்டுகள் வந்தன. அவளுடையதில் பிறந்த நாடு தாய்லாந்து என்று அச்சாகியிருந்தது. எனக்கு இந்த நாட்டில் இடம் வாங்கிக் கொடுத்தது லம்பாங். அந்த லம்பாங்குக்குத்தான் நான் அவளைப் போகவிடவில்லை. பயணத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் அவர் போய்விட்டார்.

எரியூட்டலுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தாள். திரும்பி வந்தபோது டாலஸ் விமான நிலையத்தில் அதிகாரி அவள் கார்டைப் பார்த்துவிட்டு ‘வெல்கம் ஹோம்’ என்றாராம். காரில் ஏறியதும் அதை மட்டும் சொன்னாள். பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாம் அங்கே போய் வாழப்போவதில்லையே என்று லம்பாங் வீட்டையும் விற்றுவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட இந்தப் பாவத்தைப் பழையது என்று சொல்லித் தப்பித்திருப்பேன். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு மதுரைக்காரர் தன் தம்பியைப் பற்றிப் பேசினார். தம்பி தாய்லாந்துப் பெண்ணைக் கட்டியவனாம். குடும்பத்தோடு சியாங் மாயில் குடியேறி, அங்கேயே மென்பொருள் வேலை பார்க்கிறானாம். மாலி கேட்டுக்கொண்டிருந்தாள். பிடிபட்டேன் என்று நினைத்தேன்... ஒரு கணம், நம்புங்கள், அது நிம்மதியாகக்கூட இருந்தது.

காரில் ஏறி ஃப்ரீவே நெடுஞ்சாலையைத் தொட்டோம். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சட்டத்தை மாத்திட்டாங்க போல இருக்குங்க?”

உண்மையைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல இடம் யார் தருவார்கள்? வாய்வரைக்கும் வந்தது.

“ஆமா” என்றேன்.

“எப்பங்க?”

“இப்பத்தான். அப்பா போனதுக்கு அப்புறம்.”

“நல்லதுங்க. இனி யாருக்கும் நம்ம மாதிரி ஆகாதில்ல” என்றாள்.

சொல்லிவிட்டு, வருத்தப்படாதீர்கள் என்பதுபோல் ஸ்டியரிங்கில் இருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தாள். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி வரும்வரை அது அங்கேயே இருந்தது. நான் என் கையை எடுத்துக்கொள்ளவில்லை.