ஜனவரியில் பிடித்த தேனீ

என் சமையலறை யன்னலோரம் ஒரு வெறும் ஜாம் போத்தல் இருக்கிறது. மூடியில் ஆணியால் குத்திய ஐந்து துளைகள். மகள் அதை இரண்டு தடவை குப்பையில் போடப் பார்த்தாள். இரண்டு தடவையும் சண்டை பிடித்து மீட்டேன். அது மச்சாளின் போத்தல்.

மச்சாள் என் கணவரின் தங்கை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹொலண்டிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவள். நகரின் வடக்கு விளிம்பில், தக்காளி வளர்க்கும் கண்ணாடிக்கூடம் ஒன்றில் நான் அப்போது மேற்பார்வையாளர். அவளையும் அங்கே சேர்த்துவிட்டேன். ஹொலண்டிலும் தக்காளிதான் பிடுங்கியவள் என்பதால் முதல் வாரமே எனக்குப் பிழை சொல்லத் தொடங்கினாள். "இப்பிடியே மச்சாள் கொடி கட்டுறது?" என்பாள். கோபம் வரும். ஆனால் அவள் கட்டிய கொடி ஒருநாளும் சரிந்ததில்லை.

தக்காளிப் பூவை உலுக்கிக் காய்க்க வைக்க, வெளிநாட்டிலிருந்து அட்டைப் பெட்டிகளில் பம்பிள்பீ வரும். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த குண்டுத் தேனீ. பருவம் முடிந்ததும் பெட்டியை அடைத்து பிரீசரில் வைத்துக் கொன்றுவிட வேண்டும் என்பது முதலாளியின் மாறாத சட்டம். ஒரு ராணி தப்பினாலும் மண்ணுக்குள் உறங்கிக் குளிரைக் கடந்துவிடும். வசந்தத்தில் கூடு வைத்து, ஊர்த் தேனீக்களுக்கு நோய் கொடுத்து, அவற்றின் இடத்தையும் பிடிக்கும். பெட்டி அழிந்தது என்று படிவத்தில் கையெழுத்து வைப்பது என் வேலை.

ஒரு வருடம் கடைசிப் பெட்டியை அழிக்க வேண்டிய நாள் கந்தசஷ்டிக்குள் வந்து விழுந்தது. ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தவளிடம் போய்ப் பெட்டியைக் கொடுத்தது என் புத்தி. பின்னேரம், "முடிஞ்சுதே?" என்று கேட்டேன். "ஓம், முடிஞ்சுது" என்றாள். போய்ப் பார்க்காமலே கையெழுத்து வைத்தேன்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி, காலை வேலை தொடங்கும் நேரம், இந்தப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு பெரிய தேனீ. வாசலோரப் பற்றையில், குளிர்காலத்தில் பூக்கும் அந்த மஞ்சள் பூவில் பிடித்தாளாம். "விரதத்தில உயிர்க்கொலை செய்ய ஏலாது மச்சாள். பெட்டியைக் கொட்டிலுக்குப் பின்னால வைச்சிட்டன். குளிரே பாத்துக்கொள்ளும் எண்டு நினைச்சன்" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தோம். பெட்டி மழையில் ஊறிப் பிரிந்து கிடந்தது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். விஷயம் வெளியே போனால் வெளிநாட்டுத் தேனீ வைக்க முதலாளிக்கு இருந்த அனுமதி போகும், எங்கள் இருவரின் வேலையும் போகும். பொய்ப் படிவத்தில் இருந்தது என் பெயர். "நான் போய்ச் சொல்லுறன். நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள். வெட்கமாகிவிட்டது. நானும் கூடப் போனேன்.

முதலாளி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இதமான குளிர்காலத்தில் ஊர்த் தேனீயும் எழும்பித் திரியும் என்றார். ஆனாலும் சந்தேகம் இருக்கும்போது விடக்கூடாது என்றார். நடந்ததை அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குத் தானே எழுதி அறிவித்தார். எங்களை வேலையால் நிறுத்தவில்லை. இனிமேல் பார்த்த பிறகு கையெழுத்து வை என்று மட்டும் என்னிடம் சொன்னார். மச்சாள் போத்தலை வாங்கித் தன் கையாலேயே பிரீசரில் வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வீட்டில் என் கணவர், "அதுகும் எங்களைப்போல வந்து சேந்ததுதானே" என்று பகிடி விட்டார். "அண்ணை, நாங்கள் ஒருத்தற்ற கூட்டையும் பறிக்கேல்லை. பேசாமல் சாப்பிடுங்கோ" என்று மச்சாள் ஒரு போடு போட்டாள். அடுத்த வருடத்திலிருந்து கலண்டரில் சஷ்டியைப் பார்த்து, அதற்கு ஒரு கிழமை முந்தியே பெட்டிகளைத் தானே முடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்து வைத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்த வருடங்களில் அவைதான் நல்ல வருடங்கள்.

இப்போது அவள் வெஸ்ட் ஈலிங்கில், நான் விம்பிள்டனில். இந்த ஜனவரியில் எங்கள் வேலியோர மஞ்சள் பூவில் ஒரு குண்டுத் தேனீ வந்திருந்தது. போத்தலைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினேன். கிட்டப் போனதும் கை எழவில்லை. மச்சாளுக்குப் போன் அடித்துச் சொன்னேன்.

"எங்கடதோ?" என்றாள்.

"தெரியேல்லை."

"அண்டைக்கு நான் பிரீசரில வைச்சது ஊர்த் தேனீயெண்டால், மச்சாள்?"

இத்தனை வருடம் இதை அவள் மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"போத்தல் கையிலயோ இருக்கு?" என்றாள்.

"ஓம்."

"உள்ள கொண்டுபோய் வையுங்கோ."

கொண்டுபோய் யன்னலோரம் வைத்தேன். கண்ணாடிக்கு வெளியே அது பூவுக்குப் பூ போய்க்கொண்டிருந்தது.