பாய்மரத்துக்குள் போன நூல்

சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் ஒயர் இழுக்கிறவனுக்கு வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்; திட்டு மட்டும் நேருக்கு நேர் கிடைக்கும். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பதியில் வயர்லெஸ் செட்டும் ஆன்டெனாவும் பழுதுபார்க்கிற கடை என்னுடையது. என்னோடு வேலை செய்கிற தேசப்பன் என் மனைவியின் தம்பி. அவன் சொல்லும் ஒரு கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகித்து வந்திருக்கிறேன். இளவயதில் சென்னையில் படகு பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் இருந்தானாம். ஒரு பாய்மரத்துக்குள் ரேடியோ ஒயர் அறுந்துபோக, நெசவு நூலைக் காற்றில் ஊதி அனுப்பி, அதைக்கொண்டே புது ஒயரை இழுத்தானாம். அந்த மரம் ஒரு தீபாவளிக்கு முப்பதடி இருக்கும். பொங்கலுக்குள் நாற்பதடியாக வளர்ந்துவிடும். படகுக்காரர் ஒருமுறை கப்பல் படையில் இருந்தவர், இன்னொருமுறை வெள்ளைக்காரர். நானோ செய்த வேலையையே மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள். எப்படி நம்புவேன்? கேட்டால் அவன் ஒன்றுதான் சொல்வான்: "நம்பாட்டி போ மாமா, நூலு போச்சு, அவ்ளோதான்."

மண்டிக்கு வந்த மரம்

பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற தாமோதரம் என்பவர், அறுபது வயதுக்குமேல் சென்னையில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தடா பக்கம் பழவேற்காடு ஏரியில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. படகின் ரேடியோ பேசவில்லை என்று எங்களை அழைத்தார்.

நாங்கள் போனபோது படகு மண்டிக்கொட்டகையில் காலிக் கிரேட்டுகள் நடுவே உட்கார்ந்திருந்தது. அதன் அலுமினிய மரத்தைக் கழற்றி மர முக்காலிகள்மேல் படுக்கவைத்திருந்தார்கள். உள்ளே வெற்றுக் குழாய், உச்சியில் ஆன்டெனா, அதிலிருந்து கேபிள் மரத்துக்குள்ளேயே இறங்கி அடியில் ஒரு துளை வழியாக வெளியே வரும். காய் இறக்க வந்த விவசாயி ஒருவர் மரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார். மாங்காய் பறிக்கிற துரட்டி என்று நினைத்துவிட்டார் போல; முகத்தில் நல்ல யோசனை. "இம்மாம் நீளமா கீதே, இதுல காய் பறிச்சா கீழ எறங்கறதுக்குள்ள ஜூஸாயிடுமே!" என்றார்.

அம்மாவின் நிபந்தனை

தாமோதரத்துக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவர் மனைவி சுலோசனா அம்மா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஏரி நடுவில் செல்போன் எடுப்பது நிச்சயமில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் படகில் ஒரு ரேடியோ, கரையில் அவர் கையில் ஒரு செட். குரல் தெளிவாக வந்தால் படகு தண்ணீரில் இறங்கும். வராவிட்டால் அது மண்டியிலேயே கிடக்கும். அதில் வெங்காயம் கொட்டிவைக்க அவர் தயார்.

நான் தாமோதரத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையனைப்போல் படகைத் தடவிக்கொண்டு நின்றார். எத்தனையோ சர்க்கரை ஆலைக்கும் ஆம்புலன்ஸுக்கும் செட் மாட்டியிருக்கிறேன். ஒரு மனிதர் தன் ஆசையையே என் ஒயரில் தொங்கவிட்டது அன்றுதான். அம்மா முடிவாகச் சொன்னார்: "அவர் தண்ணியில போறது எனக்குப் பயமில்ல நைனா, சத்தமில்லாம போறதுதான் பயம்."

பாதி வேலை

பழைய கேபிள் கெட்டுப்போனால் பயப்பட ஒன்றுமில்லை. அதன் வாலில் புதியதைக் கட்டி மறுபக்கம் இழுத்தால், பழையது வெளியே வரும்போதே புதியது உள்ளே போய்விடும். எங்கள் சொந்த ஊரான நகரியில் தறியில் நீளவாட்டுப் புதுப்பாவு ஏற்றுவதும் இப்படித்தான். பழைய பாவு முடிகிற இடத்தில் அறுத்து எறிய மாட்டார்கள்; அந்த நுனிகளோடு புது இழைகளை முடிந்து இழுத்துவிடுவார்கள். பழையதை முழுக்க உருவிவிட்டால் ஒவ்வொரு இழையையும் மறுபடி கோர்க்க வேண்டும்.

பழைய கேபிள் எங்கே என்று கேட்டேன். தாமோதரம் பெருமையோடு கொட்டகைக்குள் போய், அழகாகச் சுருட்டிக் கட்டிய ஒரு வளையத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். முதல் நாள் தானே உருவி எடுத்தாராம். உச்சியில் உப்புத்தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. பாய் ஏற்றுகிற கயிறுகளும் அந்த மரத்தில் வெளிப்பக்கம்தான் ஓடின. ஆகவே மரம் இப்போது சுத்தமான காலிக் குழாய். தேசப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தாமோதரம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சொன்னார்: "பாதி வேலைய நானே முடிச்சிட்டேன், மிச்சத்த நீங்க பாத்துக்குங்க."

நடுவில் ஒரு போல்ட்

சுவருக்குள் ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கை அடியிலிருந்து தள்ளினேன். சரிபாதியில் டங் என்று நின்றது. மரத்தின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற கைகளைப் பிடித்துவைக்க உள்ளே குறுக்கே ஒரு போல்ட் போட்டிருந்தார்கள். ஸ்பிரிங்கைத் திருப்பினேன், வளைத்தேன், மறுமுனையிலிருந்து விட்டேன். ஒவ்வொரு முறையும் டங். காய்த் தரம் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு டங்குக்கும் ஒரு சிரிப்பு.

போல்ட்டைக் கழற்றலாமா என்று பார்த்தோம். துருவேறிப் பிடித்திருந்தது; வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினியம் கிழியும். சுலோசனா அம்மா படகுக்குள் எட்டிப் பார்த்தார். வெங்காயத்துக்கு இடம் பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் தேசப்பன் என் காதருகே வந்து சொன்னான்: "இப்பனாச்சும் என் கதைய கேக்கறியா மாமா?"

ஊதினால் போகிறது

வேறு வழி தெரியாததால் கேட்டேன். நகரியில் என் அண்ணன் பவர்லூமில் இருந்து பாலியெஸ்டர் நூல் ஒரு கோன் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. உருளையில் சுற்றிய நூல் உதவாது என்றான் தேசப்பன். உருளை உருள வேண்டும், அந்தப் பிடிப்பிலேயே நூல் நின்றுவிடும். கோனை நிமிர்த்திவைத்தால் நூல் தலைப்பக்கமாகத் தடையில்லாமல் கழன்று வரும். நுனியில் கேரி பேக் துண்டு ஒன்றை எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டினான். மாமரத்துக்கு மருந்தடிக்கிற ப்ளோயர் மண்டியிலேயே இருந்தது. தொட்டியைக் கழுவி, காற்றை மட்டும் விட ஏற்பாடு செய்தோம்.

முதல் தடவை காற்று இடுக்கு வழியாகத் திரும்பி, பையும் நூலும் என் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. எனக்குக் கோபம் வரவில்லை. நான் நினைத்தது சரிதான் என்று ஓர் அற்பத் திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தேசப்பன் ஈரச் சாக்கை ப்ளோயரின் வாயில் சுற்றி இடுக்கை அடைத்தான். ப்ளோயர் உறுமியது. கோனிலிருந்து நூல் சர்ரென்று சுழன்று ஏறியது. பை போல்ட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. மறுமுனையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மூட்டை தூக்கும் ஹமாலி நாகராஜு துள்ளினான்: "ஒச்சேசிந்தி அன்னா, வந்துடுச்சி! என் மூஞ்சிலயே வந்து குத்துது!"

உருட்டு

நூலில் நைலான் கயிறு, கயிற்றில் கேபிள். முனையில் மாட்டுகிற பித்தளைக் கனெக்டரை முன்னாடியே வைத்துவிடாதீர்கள். அது போல்ட்டில் மாட்டும், உங்கள் மானம் நடுக்குழாயில் தொங்கும். வெறும் கேபிளின் முனையைச் சீவி, டேப் சுற்றி இழுத்தோம். காற்றில் மரத்துக்குள் கேபிள் அடித்துக்கொள்ளாமல் இருக்க, இடையிடையே ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டைகளை வால் நறுக்காமல் மீசைபோல் விட்டிருந்தோம். அந்த மீசை ஒன்று போல்ட்டில் சிக்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் கயிறு அவிழும். அவிழ்ந்தால் மறுபடி காலிக் குழாய்.

இழுக்காதே என்று கத்தினேன். சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் மரத்தின் இரண்டு பக்கமும் நிற்கவைத்து, முக்காலிமேலேயே மெல்ல உருட்டச் சொன்னேன். தாமோதரமும் ஒரு இடத்தில் தோள் கொடுத்தார். அரைச்சுற்றில் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு இன்னொரு முறையும் பார்த்தேன். தேசப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மீட்டரையுமா நம்பமாட்ட மாமா?"

ஏரிக்கரை

மரத்தை நிமிர்த்திய படகில், அந்த ஊர்ப் படகோட்டி ஒருவரோடு தாமோதரம் கிளம்பினார். கரையில் சுலோசனா அம்மா குடையோடு நின்றார், கையில் செட். வெள்ளைப் பாய் சின்னதாகிக்கொண்டே போனது. செட்டில் இரைச்சல் மட்டும். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் டேப் சரியாகச் சுற்றினேனா, சால்டர் பிடித்ததா என்று என் பழைய வியாதி ஆரம்பித்தது.

திடீரென்று பக்கத்தில் நின்று பேசுவதுபோல் குரல் வந்தது. "சுலோச்சு, டிபன் கேரியர கார்லயே வெச்சிட்டு வந்துட்டேன்." அம்மா செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது; குரல் மட்டும் மாறவில்லை. பட்டனை அழுத்தி, பங்காருபாளையத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "அது கெடக்கட்டும், மாத்திர போட்டுக்கினீங்களா இல்லியா?"

திரும்பி வருகிற வழியில் தடாவில் டீ குடித்தோம். இத்தனை வருடம் நூல் போனதா இல்லையா என்றே யோசித்துக்கொண்டிருந்த புத்திசாலி நான், தேசப்பனிடம் ஒருவழியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "மச்சான், அன்னிக்கு மெட்ராஸ்ல அந்த ரேடியோவுல மொத மொதல்ல யாரு, யார்கிட்ட, இன்னா பேசுனாங்க?"