மூக்கன் தலையாட்டிய கடை

வேன் ஸ்டாண்டில் எல்லோரும் அவரை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரியது என்பதால் அல்ல. நெடுஞ்சாலையை விட்டிறங்கிக் கிராமத்துச் சாலைகளில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, எந்த அடுப்பில் கைப்பக்குவம் இருக்கிறது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். பெயர்ப்பலகை இல்லாத கடை, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கடை, ஒரு விதவை தன் வீட்டு முன்னறையில் நடத்தும் கடை என்று அவருக்குத் தெரிந்த இடங்கள் ஏராளம். கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் எங்கே போவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். மூக்கன் கிடைப்பாரா என்று முதலில் கேட்பார்கள்.

அந்த வருடம் கோடைக்குச் சில மாதம் முன்னால், வேனின் கூரையில் பெட்டிகளைக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. தையல் பிரித்தார்கள், தலைவலி போயிற்று, வாசனை மட்டும் திரும்பவில்லை. "வந்தாலும் வரலாம்" என்றார் மருத்துவர். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, பக்கத்து அறையில் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சலவைக்கடை வேலை முடிந்து வந்த மனைவிதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. வண்டி ஓட்டறது கைதானே, மூக்கா ஓட்டுது?" என்றாள்.

"கையால ஓட்டறவன் ஸ்டாண்டுல வரிசையா நிக்கறான். என்னைத் தேடி வர்றது இதுக்காகத்தான். தெரிஞ்ச கடைக்கே கூட்டிட்டுப் போறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கோடையில் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். கூடவே அவருடைய அப்பா. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; சட்டை இரண்டு சுற்று பெரிதாகத் தொங்கியது.

"அம்மா போனதுல இருந்து அப்பா சரியாவே சாப்பிடறதில்லை. கூப்பிட்டா வந்து உக்காருவார், கொறிப்பார், எழுந்துடுவார். நீங்க நல்ல இடமா நாலு காட்டினா..." என்று ஆசிரியை இழுத்தார்.

மூக்கன் பெரியவரின் தொங்கும் சட்டையைப் பார்த்தார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. விதவையின் முன்னறையில் ஆட்டுக்கறி சூப் வந்தபோது, "இஞ்சி வாசனை எப்படித் தூக்குது பாருங்க சார்" என்றார் மூக்கன். பெரியவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார். ஆசிரியை சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கன் வாயில் அது உப்புப் போட்ட வெந்நீராக இருந்தது.

அடுத்து நினைத்திருந்த கடையில் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. கடைக்காரர் மகனோடு இருக்கப் போய்விட்டாராம். வெயில் தலையைப் பிளந்தது. பின்சீட்டிலிருந்து பெரியவர், "பசிக்குதே, தம்பி" என்றார். அதற்குமேல் மூக்கனால் வண்டியை ஓட்ட முடியவில்லை. வளைவில் ஒரு கடை முன்னால் லாரிகள் நின்றன. லாரிக்காரர்கள் நிற்கும் இடம் சோடை போகாது என்று நிறுத்தினார். அவர்கள் எல்லோரும் வெறும் டீ மட்டும் குடித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

எந்தக் கடையானாலும் முதலில் அவர் ஒரு வாய் சாப்பிட்டுத் தலையாட்டுவது வழக்கம். வறுத்த மீன் வந்தது. சூடாக இருந்தது, மொறுமொறுவென்று இருந்தது. தலையாட்டினார்.

பெரியவர் தட்டை மூக்கருகே கொண்டுபோய்த் தயங்கினார். "ஒரு மாதிரி வாடை வருதேம்மா."

"அவரே சாப்பிடறாரேப்பா. அவருக்குத் தெரியாததா?" என்றார், மீனைத் தொடாத மகள்.

பெரியவர் மூக்கனைப் பார்த்தார். மூக்கன் இன்னொரு முறை தலையாட்டினார்.

பொழுது சாய்வதற்குள் பெரியவர் கிழிந்த நாராகிவிட்டார். மூக்கனும் இரண்டு முறை சாலையோரம் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார். பக்கத்து ஊர் மருத்துவமனையில் பெரியவரைப் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வராந்தாவின் இரும்பு நாற்காலியில் ஆசிரியை உட்கார்ந்திருக்க, மூக்கன் எதிரில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். கூரையிலிருந்து விழுந்தது, மருத்துவர் சொன்னது, மனைவி சொன்னது.

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த சூப்புல இஞ்சி வாசனைன்னு சொன்னீங்களே. அது?"

"ஞாபகத்துல இருந்து சொன்னதும்மா."

"எங்கப்பாவுக்கு மூக்கு நல்லாதான் இருந்தது. உங்களை நம்பிதான் அவர் தன் மூக்கு சொன்னதை ஒதுக்கி வெச்சார்" என்றார் ஆசிரியை. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று மூக்கனுக்குத் தோன்றியது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். பயணம் அத்தோடு முடிந்தது. ஊர் திரும்பியதும் ஸ்டாண்டில் மூக்கன் தானாகவே விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஒருவன், "அப்போ இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டுச் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மழை தொடங்கிய பிறகு, மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்ப, பெரியவரைப் பார்க்கப் போனார். கதவைத் திறந்த ஆசிரியை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வழியை மறிக்கவும் இல்லை. பெரியவர் சாய்வு நாற்காலியில் இன்னும் இளைத்துக் கிடந்தார். பக்கத்தில் கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார்."

"மீன் எங்கேயும்தான் கெடும். அது போகட்டும்" என்றார் பெரியவர். "அன்னைக்கு எனக்கு நெஜமாவே பசிச்சுது, தம்பி. அவ போனதுக்கப்புறம் மொத தடவையா பசிச்சுது. அது மறுபடி வரலை."

 மூக்கன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

இப்போது பெரும்பாலும் தொழிற்சாலை ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிறார். வெளியூர்ப் பயணம் கேட்டு யாராவது வந்தால், ஏறும் முன்பே, "ஓட்டறது என் பொறுப்பு. சாப்பாட்டுக் கடையை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிடுகிறார். சிலர் ஏறிக்கொள்கிறார்கள். பலர் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள்.